கொடுப்பதற்கென்று ஒரு பை

ஸ்டெல்லா மழையில் வழுக்கி விழுந்துதான் கையை முறித்துக்கொண்டாள் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினோம். ஸ்டெல்லா என் அண்ணன் மகள். செண்டாயானில் ஒரு தொழிற்சாலையில் வேலை. விடியுமுன் செம்பனை மரங்கள் நிறைந்த தீம்பாருக்கு நடுவே செம்மண் சடக்குப் பாதையில் நடந்து, பெரிய ரோட்டு முனையில் கம்பெனி பஸ் ஏறவேண்டும். அப்படிப் போகும்போதுதான் விழுந்தாள் என்றார்கள். அண்ணி செருப்பைக் குறை சொன்னார். அண்ணன் மழையைக் குறை சொன்னார். நான் சிரம்பானிலிருந்து ஆரஞ்சுப் பழங்களோடு மருத்துவமனைக்குப் போய், "கண்ணு எங்கடி இருந்துச்சி?" என்று கேட்டேன். அவளும் சிரித்தாள்.

இந்த நம்பிக்கைக்கு அடியில் இன்னொன்று இருந்தது. அது எங்கள் அப்பா காலத்தது. திருட்டு, வழிப்பறி எல்லாம் டவுனில் நடப்பவை. தோட்டத்தில் எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள். இங்கே யார் யாரிடம் பறிக்கப்போகிறார்கள்? எங்கள் வீட்டில் பூட்டு என்று ஒன்று இருந்ததே மாதா கோவில் திருவிழாவுக்கு எல்லோரும் கிளம்பும் நாளுக்காகத்தான். தோட்டத்தில் பாதியை விற்று, அங்கே தாமான் என்னும் புதுக் குடியிருப்பு வீடுகள் எழும்பி, மீதியிருந்த தொழிலாளர் லயங்களையும் நகர எல்லைக்குள் சேர்த்துக்கொண்ட பிறகும் அந்த நம்பிக்கை மட்டும் எல்லைக்கு வெளியிலேயே நின்றுகொண்டிருந்தது.

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது சொல்லும்படி அலுவலகத்திலிருந்து கேட்டார்கள். கருத்தாய்வுப் பணியில் தலை நரைத்தவள் நான். கேள்வி கேட்கும் முறை, வீடு தேர்ந்தெடுக்கும் முறை இவற்றையெல்லாம் பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அவற்றை நான் திரும்பச் சொல்லவில்லை. அண்மையில் ஒரு கூட்டத்தில், எங்கள் அண்ணன் இருக்கும் அந்தப் பகுதியில் குற்றங்கள் குறைந்துவிட்டன என்று ஒருவர் திரையில் ஒரு கோட்டைக் காட்டினார். கோடு அழகாகக் கீழே இறங்கியது. கைதட்டினார்கள். எனக்குக் கை எழவில்லை. அந்தக் கோடு எப்படி இறங்கியது என்று எனக்குத் தெரியும். அதை நீங்களும் தெரிந்துகொள்ளவேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். தோட்டத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். லாபுப் பக்கம் என்பது போதும்.

அதற்குமுன் லிங்கியில் நடந்த ஒன்று. நான் இந்த வேலைக்கு வந்த புதிது. எனக்கு வேலை பழக்கியவர் ஒரு மூத்த அம்மையார். எதற்கும் குரலை உயர்த்தாதவர். இருவரும் கடைத்தெருவில் ஒரு பாயின் உணவுக்கடைக்குப் போனோம். கடந்த ஆண்டில் போலீஸில் புகார் கொடுக்கும்படியான சம்பவம் ஏதாவது நடந்ததா என்று நான் கேட்டேன். இல்லை என்றார் பாய். நான் அடுத்த கேள்விக்குப் போனேன். அம்மையார் தேநீரைக் குடித்தபடி கல்லாவைப் பார்த்தார்.

"பாய், இந்தக் கம்பி வலை எப்பப் போட்டீங்க?"

கல்லாவுக்கும் வாடிக்கையாளருக்கும் நடுவே இரும்பு வலை. ஒரு கை நுழையும் அளவுக்கு மட்டும் ஓட்டை.

"அதுவாம்மா? அது மொத தடவ வந்துட்டுப் போனதுக்கு அப்புறம் போட்டது."

"மொத தடவயா?"

"அப்புறமும் வந்தானுங்க. வலையையும் சேத்துப் புடுங்கிட்டானுங்க. இது ரெண்டாவது வலை. நல்ல வலை."

"ரிப்போட்டு எழுதலையா பாய்?"

"மொத தடவ எழுதினேனே! பாலாய் போலீஸ் ஸ்டேஷன்ல உக்கார வெச்சிட்டாங்க. கடையில பையன் இல்ல. அடுப்புல வெச்ச ஆட்டுக்கறி அடி புடிச்சி கரியாப் போச்சி. திருடன் எடுத்துட்டுப் போனத விட அந்தக் கறிதான் பெரிய நஷ்டம் லா! அதுக்கப்புறம் எவன் போவான்?"

வெளியே வந்ததும் அம்மையார் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "வாயால் சொல்வதை எழுது. அதோடு, அவர்கள் வாழ்க்கையில் எதை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்று பார். பூட்டு, வலை, விளக்கு, சுற்றிப் போகும் வழி. பயந்தவர் தாம் பயந்ததை மறந்துபோவார். வலை மறக்காது" என்றார். அவர் இப்போது இல்லை. அவர் சொன்னது பல இடங்களில் எனக்குக் கைகொடுத்திருக்கிறது. அண்ணன் வீட்டில்தான் அது என்னை உலுக்கியது.

ஸ்டெல்லாவின் கையில் மாவுக்கட்டு இருந்த நாட்களில்தான் அந்தக் கருத்தாய்வு வந்தது. தோட்டத்து முனையில், கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில், ஒரு சிறிய காவல் சாவடி இருந்தது. லயத்து மக்கள் அதைப் பொண்டோக் என்பார்கள். அதை அங்கிருந்து எடுத்துத் தாமானின் கடைப்பகுதிக்குக் கொண்டுபோகலாமா என்று ஒரு குழு யோசித்துக்கொண்டிருந்தது. தோட்டத்துப் பக்கமிருந்து புகார்கள் அரிதாகத்தான் வருகின்றன. புகார் குறைந்த இடத்தில் சாவடி எதற்கு என்பது அவர்கள் வாதம். புகார் வராததும் குற்றம் நடக்காததும் ஒன்றா என்று யாரோ ஒருவர் நல்ல கேள்வி கேட்டிருக்கிறார். அதற்குப் பதில் கண்டுபிடிக்கும் வேலை எங்களிடம் வந்தது. என் உறவினர் அங்கே இருக்கிறார்கள், வேறு யாரையாவது அனுப்புங்கள் என்றேன். தமிழ் தெரிந்த மேற்பார்வையாளர் வேறு யாரும் இல்லை என்றார் மேலாளர். உறவினர் வீட்டில் நான் வாய் திறப்பதில்லை, என்னோடு வரும் பிரேமாதான் கேள்வி கேட்பாள் என்ற நிபந்தனையோடு போனேன்.

தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. வெளியாட்கள் லயத்துக்குள் தனியாக நுழையக்கூடாது. தோட்டத்துத் துரையிடம் அனுமதி வாங்கி, கங்காணி வேலை பார்க்கும் மண்டோரோடு நடக்கவேண்டும். துரை போய் எத்தனையோ காலமாகிவிட்டது. மண்டோர் வேலையும் போய்விட்டது. ஆனால் மண்டோராக இருந்த அருளப்பன் இருந்தார், வழக்கமும் இருந்தது. எங்களைக் கண்டதும் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு முன்னே நடந்தார். ஒவ்வொரு வீட்டிலும் அவருக்கென்று ஒரு நாற்காலி வந்தது. "கவுர்மெண்டுல இருந்து வந்திருக்காங்க. கேக்குறதுக்கு ஒழுங்காப் பதில் சொல்லுங்க" என்று தொடங்கிவைப்பார். பிறகு கோப்பி வரும். கெட்ட மனிதரில்லை. லயத்தில் யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று அவருக்குத்தான் முதலில் தெரியும். அதுதான் சங்கடம். எதுவானாலும் அவருக்குத் தெரிந்தால் அந்தி சாய்வதற்குள் அந்தந்த வீட்டு அப்பன்மாருக்கும் தெரிந்துவிடும்.

பதில்கள் பளிங்குபோல் வந்தன. திருட்டு உண்டா? இல்லை. வழிப்பறி? இல்லை. மிரட்டல்? இல்லை. பிரேமாவுக்கு ஒரே மகிழ்ச்சி. "அக்கா, தாமான்ல ஒவ்வொரு வீட்லயும் ஒரு கதை சொல்லி உயிர எடுத்தாங்க. இங்க சுத்தமா இருக்கு. மத்தியானத்துக்குள்ள முடிச்சிரலாம்!"

இந்த வேலையில் சுத்தமாக வரும் பதிலைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் வரும். நான்கு சுவர்களுக்குள் வாழும் மனிதர்கள் எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்கிறார்கள் என்றால், அந்தச் சொல்லை யாரோ உள்ளே உட்கார்ந்து காவல் காக்கிறார்கள்.

அண்ணன் வீட்டிலும் அதே கதைதான். அண்ணன் சவரிமுத்து கதவோரம், மண்டோர் நாற்காலியில். ஸ்டெல்லா இடது கையால் கோப்பி கொண்டுவந்து வைத்தாள். பிரேமா கேள்விகளைக் கேட்க, அவள் ஒவ்வொன்றுக்கும் "இல்ல" என்றாள். ஒவ்வொரு "இல்ல"வுக்கும் முன்னால் அவள் கண் அண்ணனிடம் போய் வந்தது.

"எங்க தோட்டத்துல என்னாம்மா திருட்டு? கோழிகூட திருடு போனதில்ல" என்றார் அண்ணன்.

"கோழி போச்சே! போன கிறிஸ்துமஸ்ஸுக்கு ஒண்ணு காணோமே" என்றார் அண்ணி.

"அது உன் தம்பி வந்தப்பப் போச்சி."

எல்லோரும் சிரித்தார்கள். நான் கதவுக்குப் பின்னால் இருந்த ஆணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லாவின் இரண்டு கைப்பைகள் அதில் தொங்கின. ஒன்று துணிப்பை, சிறியது, பின்னால் ஊக்கு குத்தியது. இன்னொன்று தோல் உரிந்து, வார் அறுந்து, நைலான் கயிற்றால் கட்டிய பழைய பை. உடை விஷயத்தில் ஸ்டெல்லா எவ்வளவு பார்ப்பவள் என்று எனக்குத் தெரியும். கிழிந்த பையைக் கையில் எடுக்கிற பெண்ணில்லை அவள். அதை ஏன் தூக்கிப் போடவில்லை? அதற்கு ஏன் புதுக் கயிறு? முந்தைய வீட்டிலும் கதவுக்குப் பின்னால் இப்படி ஒரு நைந்த பை தொங்கியது நினைவுக்கு வந்தது. லிங்கிக் கடையின் கம்பி வலை கண்முன் வந்து நின்றது.

நான் அங்கே எதுவும் கேட்கவில்லை. கேட்கவேண்டிய இடம் அது இல்லை. அண்ணன் வீட்டில் தங்கி, மறுநாள் விடியலில், காலாற நடக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு, வேலைக்குப் போகும் பெண்களோடு சடக்கில் இறங்கினேன். மாவுக்கட்டோடு வேலைக்குப் போகமுடியாத ஸ்டெல்லாவும் என்னோடு வந்தாள். எனக்குத் துணைக்கு என்றாள். யாருக்கு யார் துணை என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

இருபக்கமும் செம்பனை. ஓலைகள் மேலே கூடி, வெளுத்துவரும் வானத்தையும் மறைத்திருந்தன. பெண்கள் வேகமாக நடந்தார்கள். ஒவ்வொருத்தி தோளிலும் ஒரு பழைய பை. ஒன்று பள்ளிப் பிள்ளையின் பை, படமெல்லாம் அழிந்துபோனது. ஒன்றுக்கு ஜிப்பே இல்லை. எல்லாமே மோட்டார் சைக்கிள் வரக்கூடிய வலப்பக்கத் தோளில்.

"என்னாடி இது, பழைய பை ஊர்வலமா?" என்றேன்.

முன்னால் நடந்த ராஜாத்தி திரும்பினாள். லயத்துப் பெண்களில் மூத்தவள். வாய்க்குப் பூட்டில்லாதவள். "இது எங்களுக்கு இல்லக்கா. அவனுங்களுக்கு."

"எவனுங்களுக்கு?"

"மோட்டார்ல வர்றவனுங்களுக்கு. இழுத்தா உட்டுரணும். அதுக்குத்தான் இது. உள்ள பாருங்க, டிஷ்யூவும் காலிப் பர்ஸும். கனம் வேணும்ல, ஒரு சோப்புக்கட்டி. போன், ஐசி கார்டு எல்லாம் பாவாடைக்குள்ள ஊக்கு குத்தி வெச்சிருக்கோம்."

"எனக்கு ரெண்டு சோப்பு போச்சி" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி. "நல்ல வாசமா இருப்பானுங்க இப்ப."

இருட்டில் எல்லோரும் சிரித்தார்கள். நான் ராஜாத்தியின் பக்கத்தில் போய் நடந்தேன்.

"நேத்து கேட்டாங்களே, வழிப்பறி உண்டான்னு. இல்லைன்னு சொன்னீங்களே ராஜாத்தி?"

"வழிப்பறின்னா நம்மகிட்ட இருக்கிறதப் பறிக்கிறது. இது நாங்களே குடுக்கிறதுதான? குடுக்கத்தான் பையே. இதப் போயி எப்படிக்கா வழிப்பறின்னு சொல்றது?"

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அதுதான் என்னை அதிகம் சுட்டது. பறிகொடுப்பதற்கென்று ஒரு பை தயாரித்து, அதற்குக் கனம் சேர்த்து, தோள் பார்த்து மாட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள். அதற்குப் பழகியும் போனார்கள். பழகிய பிறகு அவர்கள் கணக்கிலேயே அது குற்றம் இல்லை. பிறகு எந்த அரசாங்கத்தின் கணக்கில் அது ஏறும்?

ஸ்டெல்லா மெல்லச் சொன்னாள். "நான்தான் அத்தே தப்பு பண்ணிட்டேன். அன்னைக்கு அந்தப் பைய எடுக்கல. கிறிஸ்துமஸ்ஸுக்கு வாங்கின பைய மாட்டிட்டு வந்துட்டேன். ஒரே ஒரு நாள் நல்லாப் போலாமேன்னு. அவன் இழுத்தான். கை தானா புடிச்சிக்கிச்சி. விட மறந்துட்டேன்."

அவளை எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போனார்கள் என்று அவள் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. முனை வந்துவிட்டது. காவல் சாவடியின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உள்ளே யாருமில்லை. பெண்கள் எல்லோரும் அந்த வெளிச்ச வட்டத்துக்குள் போய் நின்றுகொண்டார்கள். அப்போதுதான் அவர்கள் மூச்சுவிடுவது எனக்குக் கேட்டது.

"இங்கயே சொல்லிருக்கலாமே?" என்றேன்.

"போலீஸ்காரர் எப்பவாச்சும் இருப்பாரு. சொன்னா, இங்க எழுத முடியாது, பாலாய்க்குப் போங்கன்னுவாரு. பஸ் நிக்குமா?" என்றாள் ராஜாத்தி. "ஆளு இருக்காரோ இல்லையோ, லைட்டு இருக்கு. லைட்டப் பாத்தா அவனுங்க திரும்பிப் போயிருவானுங்க. அது வரைக்கும் ஓடி வந்துட்டா போதும்."

பஸ் வந்தது. ஏறும்போது ராஜாத்தி என் கையைப் பிடித்தாள். "வீட்டு ஆம்பளைங்க காதுக்குப் போயிறக்கூடாதுக்கா. போனா அத்தன பேரையும் வேலைக்கு நிப்பாட்டிருவாங்க. சோப்போட போறது பரவால்ல."

திரும்பி நடக்கும்போது ஸ்டெல்லாவும் அதையே சொன்னாள். "அப்பாகிட்ட சொல்லிராதீங்க அத்தே. கை சரியானதும் நான் வேலைக்குப் போகணும். இந்த லயத்த விட்டு நான் வெளிய போறது அந்த ஒரு வழியாத்தான்."

இதுதான் என் கையில் இருந்த நிலைமை. வாயைத் திறந்தால் அந்தப் பெண்களின் வேலை போகும். மூடிக்கொண்டால் சாவடி போகும், விளக்கும் போகும்.

மேலாளரிடம் போனேன். பெண்களின் பெயரைச் சொல்லாமல், தோட்டத்துப் பதில்கள் செல்லாது, அவை மற்றவர் முன்னிலையில் வந்தவை என்றேன். அவர் படித்தவர், மரியாதை தெரிந்தவர். ஆனால் குழுவின் கூட்டம் நெருங்கிக்கொண்டிருந்தது.

"மேடம், உங்களுக்கு அங்க ஏதோ தெரிஞ்சிருக்கு. ஒரு பேரக் குடுங்க. ஒரு போலீஸ் ரிப்போட்டு நம்பர் குடுங்க. இப்பவே மாத்திரலாம்."

"போலீஸ் ரிப்போட்டு இருந்திருந்தா நம்மள எதுக்கு சார் அனுப்பினாங்க? ரிப்போட்டு ஆகாதது எவ்வளவுன்னு கண்டுபிடிக்கத்தானே போனோம்?"

அவர் பேனாவை உருட்டினார். "அது சரி. ஆனா பேரு இல்லாம நான் என்னா சொல்றது?"

"குற்றம் இல்லைன்னு சொல்லாதீங்க. தெரியலைன்னு சொல்லுங்க. தோட்டத்துக் கட்டத்தக் காலியா விடுங்க."

"காலியா விட்டா ஸ்லைடுல ஓட்டை மாதிரி தெரியும் மேடம். எல்லாரும் அதையே பாப்பாங்க."

"பாக்கணும் சார். அங்க நெஜமாவே ஓட்டைதான் இருக்கு."

பெயரைக் கொடுத்திருந்தால் என் பக்கம் அன்றைக்கே ஜெயித்திருக்கும். இதை நீங்கள் நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ளவேண்டும். உங்களுக்கும் ஒருநாள் இப்படி ஒரு மேசைக்கு முன்னால் நிற்கும் நேரம் வரும். ஒரு நல்ல காரியத்துக்காகத்தான் கேட்பார்கள். உங்களை நம்பிப் பேசியவரின் வாழ்க்கையை விலையாக வைத்து எந்த நல்ல காரியத்தையும் வாங்காதீர்கள். நான் அறிக்கையில் கையெழுத்துப் போட மறுத்து உட்கார்ந்திருந்தேன். கடைசியில், கூட்டத்துக்குமுன் தோட்டத்தில் மறுபடி ஒருமுறை கேட்டுவர அனுமதித்தார். மண்டோர் இல்லாமல், பெண்களிடம் தனியாக, ஒரு கேள்வியை மாற்றி. உங்களிடம் யாராவது பறித்தார்களா என்று கேட்பதற்குப் பதிலாக, வேலைக்குப் போகும்போது பாதுகாப்புக்கு என்ன செய்கிறீர்கள் என்று.

மண்டோர் அருளப்பனிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"நான் வரலைன்னா எப்படிம்மா? வெளியாளுங்கள எவனாச்சும் ஏதாச்சும் சொல்லிட்டா?"

"நான் வெளியாளா மண்டோரண்ணே?"

அவர் என்னைப் பார்த்தார். பொத்தானைக் கழற்றினார். "நீ சவரி தங்கச்சி" என்றார். முகம் வாடிப்போயிருந்தது. ஆனால் அன்றைக்கு அவர் வரவில்லை. அதற்காக இன்றும் அவருக்கு நன்றி சொல்கிறேன்.

மாதா கோவில் கூடத்தில் பெண்கள் ஒவ்வொருவராக வந்து பேசினார்கள். கேள்வியை மாற்றியதும் பைகள் வெளியே வந்தன. பிரேமா முதல் பெண்ணிடம் பேசிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். அதன்பிறகு அன்று முழுவதும் அவள் வேகமாக முடிக்க நினைக்கவில்லை.

ஸ்டெல்லா வரவில்லை. எனக்கு அது புரிந்தது. பேசுவதும் பேசாமலிருப்பதும் அவள் உரிமை. அந்தியில் நானும் பிரேமாவும் விடைபெறுவதற்காக அண்ணன் வீட்டுக்குப் போனோம். அண்ணன் வாசலில் செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஸ்டெல்லாவுக்கென்று வாங்கிய புதுச் செருப்பு, வழுக்காத அடி உள்ளது.

"பாரு மேரி, நல்ல ரப்பரு. இனிமே விழமாட்டா" என்றார் என்னிடம்.

உள்ளேயிருந்து ஸ்டெல்லா வந்தாள். அந்தச் செருப்பைப் பார்த்தாள். பிறகு கதவுக்குப் பின்னால் போய், நைலான் கயிறு கட்டிய பையை எடுத்துவந்து, செருப்புக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"நான் வழுக்கி விழலப்பா."

அண்ணி கதவைப் பிடித்துக்கொண்டார். ஸ்டெல்லா எல்லாவற்றையும் சொன்னாள். சடக்கில் என்னிடம் சொல்லாததையும் சொன்னாள். பிரேமாவைப் பார்த்து, "இப்ப எழுதிக்குங்க அக்கா" என்றாள்.

அண்ணன் பையைத் திறந்தார். டிஷ்யூ, காலிப் பர்ஸ், சோப்புக்கட்டி. சோப்பைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இனிமே நீ வேலைக்குப் போவேணாம்."

"போவேன்ப்பா."

"நான் சொல்றேன்ல!"

"நீங்க சொல்றது எனக்குக் கேக்குது. அவன் பைய எடுத்துட்டுப் போனான். நீங்க வேலைய எடுக்கிறீங்க. ரெண்டு பேருக்கும் நான் எதுக்குப்பா குடுக்கணும்?"

அவள் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. "பயமா இருந்தா நீங்க கூட வாங்க."

அண்ணன் எழுந்து கொல்லைப்பக்கம் போனார். அன்றிரவு நான் சிரம்பானுக்குத் திரும்பிவிட்டேன். கட்டு அவிழ்த்து ஸ்டெல்லா முதல்நாள் வேலைக்குக் கிளம்பியபோது, அவர் டார்ச் லைட்டோடு வாசலில் நின்றிருந்தார் என்று அண்ணி போனில் சொன்னார். மற்ற வீட்டுப் பெண்களும் அந்த வெளிச்சத்தின் பின்னால் சேர்ந்துகொண்டார்களாம். ராஜாத்தி மட்டும், "மாப்பிள்ள ஊர்வலம் மாதிரி இருக்கு லா" என்றாளாம்.

மேலாளர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். புதிய பதில்கள் அறிக்கையில் ஏறின. கூட்டத்தில் நானும் பின்வரிசையில் இருந்தேன். குழுவில் ஒருவர் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுச் சொன்னார்: "இவை பதிவான குற்றங்கள் அல்ல. இது அங்குள்ள பெண்களின் பாதுகாப்பு உணர்வு." உணர்வு! முறிந்த எலும்பை ஓர் உணர்வாக எழுதிப் பின்னிணைப்பில் சேர்த்தார்கள். சாவடியைத் தாமானுக்குக் கொண்டுபோனார்கள். அதோடு விளக்கும் போனது.

பிறகு என்ன நடக்கும்? எப்போதாவது ஒருவர் இருக்கும் அந்தச் சாவடியும் இல்லை. சொல்வதற்கு இடமில்லாத ஊரில் சொல்லப்படுவது குறையும். சொல்லப்படுவது குறைந்தால் கோடு இறங்கும். கோடு இறங்கினால் கைதட்டுவார்கள். சாவடியை மாற்றியது சரிதான் என்பதற்கு அந்தக் கோட்டையே சான்றாகக் காட்டுவார்கள். காட்டினார்கள். நான் முதலில் சொன்ன கூட்டத்தில் பார்த்தது அதைத்தான்.

என்னைக் கோபக்காரி என்று அலுவலகத்தில் சிலர் சொல்வதுண்டு. எண்களின்மேல் எனக்குக் கோபமில்லை. வாழ்நாளெல்லாம் அவற்றோடு வாழ்ந்தவள் நான். நேர்மையாகச் சேர்த்த எண்ணைப்போல எளியவர் பக்கம் நின்று பேசக்கூடியது வேறொன்றில்லை என்று இன்றும் நம்புகிறேன். மக்கள் வாயைத் திறக்கமுடியாத இடத்தில் கேள்வியை வைத்துவிட்டு, கிடைத்த மௌனத்தை அமைதி என்று எழுதுகிறார்களே, அவர்கள்மேல்தான் கோபம். நீங்கள் அப்படி எழுதாதீர்கள். யார் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார் என்று பாருங்கள். கதவுக்குப் பின்னால் ஆணியைப் பாருங்கள். தெரியாததைத் தெரியாது என்று எழுதும் கட்டத்தை உங்களிடமிருந்து யாரும் பிடுங்க விடாதீர்கள். உங்கள் அறிக்கை பின்னிணைப்பில் போனாலும் எழுதுங்கள். எழுதியது அங்கே இருக்கும். அடுத்து நல்ல கேள்வி கேட்பவர் ஒருவருக்கு அது கிடைக்கும்.

போன மாதம் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். லயத்தில் பல வீடுகள் பூட்டிக்கிடக்கின்றன. மண்டோர் அருளப்பன் மகனோடு போய்விட்டார். அவருடைய நாற்காலி கோவில் கூடத்தில் இருக்கிறது. ராஜாத்தி, தொழிற்சாலைக்குப் பக்கத்திலேயே அடுக்குமாடியில் வாடகைக்கு இருக்கிறாள். மற்றப் பெண்களும் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். ஒருவரும் எங்கும் புகார் எழுதிவிட்டுப் போகவில்லை. அதனால் அவர்கள் ஏன் போனார்கள் என்பது எந்தக் கணக்கிலும் இல்லை.

விடியலில் கதவு திறக்கும் சத்தம் கேட்டு எழுந்து ஜன்னலருகே போனேன். சடக்கில் ஒரே ஒரு டார்ச் வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. முதல் பஸ்ஸுக்கு இப்போது நடப்பவர்கள் இரண்டு பேர்தான். ஸ்டெல்லாவும் அவள் அப்பாவும்.